வைஜயந்தி கூட நடக்கிறவன்

ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு கிறுக்கு பிடிக்கும், தஞ்சாவூருக்கு அந்தச் சித்திரையில பிடிச்ச கிறுக்கு என்னன்னா, ஊர் சுத்திப் பார்க்க வந்த புது ஜோடிங்க எல்லாம் தரையில நிக்காம மேல எழும்ப ஆரம்பிச்சாங்க. முதல்ல எழும்பினது ஈரோட்டு ஜோடி ஒண்ணு. அரண்மனை முற்றத்துல நின்னு, வேர்வையில அவ நெத்தியோட ஒட்டிக் கிடந்த முடியை அவன் ஒதுக்கி விட்டான், அவ்வளவுதான், ரெண்டு பேரும் ஒரு சாண் மேல போயி, தண்ணி மேல கிடக்கிற எலை மாதிரி லேசா ஆடிக்கிட்டு நின்னாங்க. டிக்கெட் கிழிக்கிறவர் அண்ணாந்து பார்த்துட்டு, "கேமராவுக்குத்தான் தனி டிக்கெட்டு, இதுக்கு ஒண்ணும் போடல, போயிட்டு வாங்க"ன்னுட்டாரு.

ஏன் எழும்புறாங்கன்னு யாரும் பெருசா கேட்டுக்கல. எத்தனையோ ராஜாவையும் எத்தனையோ கூத்தையும் பார்த்த ஊரு, ஒரு சாண் உசரத்துக்கெல்லாம் வாயைப் பொளக்காது. சந்திரோதயா லாட்ஜ் மேனேஜர் அந்தோணிராஜ் மறுநாளே, இன்னிக்கு ஒரு சாண்னா நாளைக்குக் கூரை வரைக்கும் போவாங்கன்னு, ரூம்ல தொங்கின ஃபேனையெல்லாம் கழட்டி சுவத்துல மாட்டிட்டு, சாவி கூடவே ஒரு நைலான் கயிறும் குடுக்க ஆரம்பிச்சாரு, ஒரு முனை ஜோடி இடுப்புக்கு, இன்னொரு முனை கட்டில் காலுக்கு. ஆட்டோக்காரங்க மேல வலை கட்டினாங்க, கரண்டு கம்பியில சிவப்புத் துணி தொங்கினுச்சு, கோயில் வாசல்ல செருப்பு வாங்கி வைக்கிறவரு, "காலே தரையில படலையே, இதை எதுக்குங்க கழட்டணும்?"னு கேட்ட மாப்பிள்ளைய ஒரு முறை முறைச்சு, "பறந்தாலும் கழட்டணும், கழட்டு"ன்னு கழட்ட வெச்சாரு.

சங்கடம் வந்தது ஊர்க்காரங்களுக்குத்தான். வெளியூர்க்காரன் எழும்புறான், உள்ளூர்க்காரன் பொண்டாட்டி கூட தெருவுல நடந்தா கால் தார் ரோட்டோட ஒட்டிக்கிட்டு வருது. பார்க்கிறவன் மூஞ்சியப் பார்க்க மாட்டான், காலைப் பார்ப்பான். அதனால பொம்பளைங்க எல்லாம் புடவைய ஒரு விரக்கடை இறக்கிக் கட்டுனாங்க, ஆம்பளைங்க வேட்டிய மடிச்சுக் கட்டுறதை விட்டாங்க, பேண்ட்டு போடுறவன் மடிப்பைப் பிரிச்சு விட்டான். ஊரே தரையைக் கூட்டிக்கிட்டு நடந்ததுல தெருவெல்லாம் அப்படி ஒரு சுத்தம். பொண்ணு பார்க்கப் போனா, "பாட்டுப் பாடுமா, சமைக்குமா"ங்கிறது போயி, "அவங்க வீட்டுல யாராச்சும் எழும்பியிருக்காங்களா?"ன்னு விசாரிச்சாங்க. மேலவீதியில கல்யாணமான நாள்லருந்து சண்டை மட்டுமே போட்டுக்கிட்டிருந்த பெல்ட் கடைக்காரரும் அவரு சம்சாரமும் ஒருநாள் வாசல் நிலையில ஒண்ணா தலை இடிச்சுக்கிட்டாங்கன்னு செய்தி வந்தப்போ, அந்தத் தெருவுல மூணு வீட்ல அன்னிக்கு அடுப்பே எரியல, அவ்வளவு பொறாமை.

மதியரசு மட்டும் பேண்ட்டு மடிப்பைப் பிரிக்கல. அவன் இன்ஜினியரிங் காலேஜ்ல பாதியில வெளிய வந்தவன், கேட்டா, "காலேஜ்தான் பாதியில நின்னுடுச்சு, நான் முழுசா வந்துட்டேன்"ம்பான். எதுக்கும் ஒரு பதில் இருக்கும், கேள்வி முடியறதுக்கு முன்னாடியே இருக்கும். மாசியில பட்டுக்கோட்டை வைஜயந்தியக் கோயில்ல வெச்சு தாலி கட்டிக் கூட்டிட்டு வந்தான், அவ வீட்ல அன்னியோட பேச்சை நிறுத்திட்டாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிச்சதுதான் ஜோடிப்புறா டூர்ஸ். ஆட்டோ ஓட்டுறதும், வாய் ஓயாம ஊரை வித்துக் குடுக்கிறதும் அவன் வேலை. வர்ற ஜோடி எங்க போகணும், எப்ப போகணும், எங்க உட்காரணும், எங்க சும்மா இருக்கணும்னு போன்ல சொல்லிக் குடுக்கிறது வைஜி வேலை. "மத்தவனை எல்லாம் எழுப்புறியே, நீங்க ரெண்டு பேரும் எப்ப?"ன்னு டீக்கடையில கேட்டா, "நாங்க ஸ்டாஃபு, டூட்டியில மிதக்கக் கூடாது"ம்பான், கடையே சிரிக்கும். மாப்ளைக்கு ஒரு டீ சேர்த்துப் போடுன்னு யாராவது சொல்லுவான்.

வைகாசியில ஒரு மத்தியானம் கீழ் வீட்டு தையல்கார பட்டு அக்கா அவன் ஆட்டோவை நிறுத்துனா.

"தம்பி, தப்பா எடுத்துக்காத. உன் வீட்டுப் பொண்ணு கால் தரையில படலப்பா."

"வீடு கூட்டியிருக்க மாட்டாக்கா, அதான் மிதிக்க அருவருப்பு."

"விளையாடாத. மாடிப்படியில நின்னு போன் பேசிக்கிட்டிருந்தா. படிக்கும் காலுக்கும் நடுவுல பூனை போகுது."

மதியரசுக்கு நாக்குல அடுத்த பதில் ரெடியா இருந்துச்சு, ஆனா அது வெளிய வரல. ஏன்னா ஊருக்கே தெரியும், ஒத்த ஆளு எழும்ப மாட்டான், ஜோடிதான் எழும்பும்.

"கூட யாருக்கா?"

"அதைத்தான் நான் உன்கிட்ட கேட்கிறேன்"ன்னா பட்டு அக்கா.

அன்னியிலருந்து மதியரசு மூஞ்சிய விட்டுட்டுக் காலைப் பார்க்க ஆரம்பிச்சான். செருப்பை ஆட்டோவுலயே விட்டுட்டு, படியில பூனை மாதிரி ஏறி, கதவிடுக்கு வழியாப் பார்த்தான். வைஜி ஜன்னலோரம் நின்னு போன்ல பேசிக்கிட்டிருந்தா, அவ நின்னது காத்துல. கொலுசு கூட ஆடாம, முழங்கால் உசரத்துக்கு. குரல் இருக்கே, அந்தக் குரல், அதை அவன் கேட்டதே இல்ல, வெல்லப் பாகு கம்பி இழுக்கிற மாதிரி நிதானமா வந்துச்சு. "கோயிலுக்குள்ள போனதும் நேரா ஓடாதீங்கம்மா. வெயில் ஏறி கல்லு சுடறதுக்கு முந்தி, சுத்துச் சுவரை ஒட்டியே வெறுங்கால்ல நடங்க. அவர் ஏதாவது பேசுவாரு. அப்பறம் பேசலாம்னு சொல்லுங்க. புல்லுல உட்காருங்க, கிளிங்க வரும். அதுக்கப்பறம் ஒரே ஒரு காபி வாங்குங்க, ரெண்டு வேணாம், டம்ளர் அவருக்கு, டபரா உங்களுக்கு. சாயங்காலம் புது ஆத்துக் கரையில தண்ணி எதிர்ல வர்ற பக்கமா பார்த்து நடங்க..."

"வைஜி, சாப்பாடு என்ன?"ன்னு மதியரசு உள்ள போனான்.

தொப்புன்னு விழுந்தா. வாயத் தொறந்தான், விழுந்தா, அவ்வளவுதான். "முருங்கக்காய் சாம்பார்"ன்னா, குரல் பழைய குரல்.

அப்பறம் என்ன, தூக்கம் போச்சு. ஊர் தன்னோட பங்குக்கு உதவிக்கு வந்துச்சு. டீக்கடை பெஞ்சு முழுக்க ஆளாளுக்கு ஒரு பேரு சொன்னாங்க. ஜோடிங்களைப் படம் எடுக்கிற ரித்தீஷா இருக்கும், முடியெல்லாம் கலர் அடிச்சிருக்கான். இளநி வெட்டுற தயாநிதியா இருக்கும், கையப் பாரு கையை. கூரியர் குடுக்க வர்ற பையன் ஏன் எப்பவும் சிரிச்ச மூஞ்சியாவே வர்றான்? மதியரசு ஒவ்வொருத்தனையா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தான். ரித்தீஷை ஆல்பம் காட்டுற மாதிரி, தயாநிதியை இளநி குடுக்கிற மாதிரி, கூரியர் பையனுக்குக் காபி போட்டுத் தர்ற மாதிரி, வரவெச்சு அவங்க முன்னாடி அவ காலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்தான். கால் தரையில கட்டை மாதிரி கிடந்துச்சு. தயாநிதி கிளம்புறப்போ, "அண்ணே, நீ என் மூஞ்சியும் பார்க்கல, அண்ணி மூஞ்சியும் பார்க்கல, தரையில காசு எதாவது தொலைச்சிட்டியா?"ன்னு கேட்டான். தயாநிதி மேல சந்தேகம் போச்சு, ஆனா பொறாமை போகல, அது ஆள் கிடைக்காம ஊரெல்லாம் அலைஞ்சுட்டு வந்து இவன் மேலயே ஏறி உட்கார்ந்துச்சு. ஆட்டோவுல பின்னாடி உட்கார்ந்து கொஞ்சுற ஜோடியப் பார்த்தா எரிஞ்சுச்சு, பெரிய கோயில் புல்லுல ஒண்ணை ஒண்ணு கோதுற கிளியப் பார்த்தா எரிஞ்சுச்சு, ஒரே டபராவைப் பார்த்தா எரிஞ்சுச்சு.

ஆனி வந்துச்சு, அவ இடுப்பு உசரத்துக்கு எழும்புனா. ஆனிப் பாதியில ஜன்னல் மேல்கட்டை உசரம். அந்தோணிராஜ்தான் முதல்ல அதைச் சொன்னாரு.

"மதி, ஆடி வருதுடா. ஜோடின்னா ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்குவாங்க. இது தனியா எழும்புது. ஆடிக் காத்து வந்து தள்ளுனா பிடிக்க ஆளு?"

"நான் இருக்கேன்லண்ணே."

"நீ கீழல்ல இருக்க"ன்னாரு அந்தோணிராஜ். லாட்ஜ்ல இருந்த கயித்துலயே நீளமா ஒண்ணை எடுத்து அவன் கையில குடுத்தாரு.

கயித்தோட வீட்டுக்கு வந்தான். அவ துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. நேரா கேட்டான்.

"யாருடி அவன்?"

"எவன்?"

"உன்னைத் தூக்குறவன்."

வைஜி மடிச்ச துணிய ஓரமா வெச்சா.

"ஒரு ஜோடிக்கு பிளான் சொல்லணும்னா சும்மா வாயால சொல்ல வருமாய்யா? நடந்து பார்க்கணும். மனசுக்குள்ள நான் நடக்கிறேன். கூட ஒருத்தன் நடக்கிறான்."

"பேரு?"

"மதியரசு."

"எந்த மதியரசு? ஈ.பி. ஆபீஸ்ல ஒருத்தன் இருக்கானே, வழுக்கை?"

"பார்த்தியா, இதைத்தான் சொல்றேன்"ன்னா. கோவப்படக் கூட இல்ல. "அவன் உன்னை மாதிரியேதான் இருப்பான். அதே மீசை, அந்த நீலச் சட்டை. என்னைக் கோயில் வாசல்ல பார்த்துக்கிட்டு ஒரு வார்த்தை பேச வராம நின்னியே, ஞாபகம் இருக்கா, அவன். நான் ஒண்ணு சொல்லிட்டு இருக்கிறப்போ நடுவுல வாய் போட மாட்டான். எங்கம்மாவுக்குப் போன் பண்ணேன், என் குரலைக் கேட்டதும் வெச்சுட்டாங்க. நீ என்ன சொன்ன? 'ரீசார்ஜ் மிச்சம்'ன. நானும் சிரிச்சேன். புதுப் பொண்ணுங்களை எல்லாம் ஆடிக்கு அழைச்சுக்கிட்டுப் போறாங்க, நம்ம வீட்டுக்கு யாரும் வரலன்னு சொன்னேன். 'ஆடித் தள்ளுபடியில கூட உன்னை எடுக்க ஆள் இல்ல'ன்ன. டீக்கடை வரைக்கும் போயி அதை இன்னொரு தடவை சொன்ன. அவன் சொல்லல. பக்கத்துல வந்து உட்கார்ந்தான், அவ்வளவுதான் பண்ணான்."

மதியரசுக்கு அதுக்கும் ஒரு பதில் இருந்துச்சு. நல்ல வேளை, அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா.

வேற ஒருத்தன்னா அடிக்கலாம், ஊரை விட்டுத் துரத்தலாம், குறைஞ்சது அவன் கலர் முடியைக் கிண்டலாவது பண்ணலாம். இவனை என்ன பண்றது? மதியரசு முதல்ல நீலச் சட்டையைப் பட்டு அக்காகிட்ட கொண்டு போயி தலையணை உறையாத் தைக்கச் சொன்னான். அப்பறம் சலூனுக்குப் போயி மீசையை எடுத்தான். மேல் உதடு உரிச்ச வெங்காயம் மாதிரி ஆகி வந்து, "அவனுக்கு மீசை இருக்கா இன்னும்?"னான்.

"இருக்கு."

"சட்டை?"

"போட்டிருக்கான்."

ரகசியத்தை மதியரசு யார்கிட்டயும் சொல்லல, பட்டு அக்காவுக்குத் தரை வழியாவே கேட்டிருக்கு, ஊருக்குப் பட்டு அக்கா வழியா. ஊர் உடனே பழகிக்கிச்சு. பழகினதோட விட்டாலும் பரவால்ல, கட்சி மாறிடுச்சு. "அந்த மதி தங்கமான பையன்ப்பா"ன்னு டீக்கடையில பேச்சு. பெஞ்சுல இவன் பக்கத்துல ஒரு இடம் விட்டு உட்கார்ந்தாங்க, அந்த இடத்துக்கு முன்னாடி ஒரு டீ வெச்சாங்க, ஆறிப் போனா மாத்தி வெச்சாங்க. பெல்ட் கடைக்காரரு தெருவுல பார்த்தா இவனை விட்டுட்டு இவன் இடது தோளுக்குப் பக்கத்துல பார்த்து, "நல்லா இருக்கியா தம்பி?"ன்னாரு. அந்தோணிராஜ் ஒரு படி மேல போயி, "கோவிச்சுக்காத மதி, ரிசப்ஷனுக்கு நிதானமா ஒரு ஆளு வேணும், அந்தத் தம்பி ஃப்ரீயா இருக்கான்னு வைஜிகிட்ட கேட்டுச் சொல்றியா?"ன்னாரு. தயாநிதி இளநி வெட்டி ரெண்டு ஸ்ட்ரா போட்டான்.

"எதுக்குடா ரெண்டு?"

"அண்ணனுக்கு ஒண்ணு"ன்னான். "நீ ஒரு ஓரமா குடி."

தன் பேருல, தன் மூஞ்சியில, தன் பொண்டாட்டி பக்கத்துல ஒருத்தன் தன்னை விட நல்லா வாழ்ந்துக்கிட்டிருக்கிறதைப் பார்க்கிற பொறாமைக்குப் பக்கத்துல மத்தப் பொறாமையெல்லாம் கொசுக்கடி. மதியரசு முகம் கழுவப் போனா கண்ணாடியில அவனைத் தேடுனான். இருப்பான்டா இங்கதான் எங்கயாவதுன்னு கிட்டப் போயிப் பார்த்தான். மீசையில்லாத இந்தப் பயதான் நின்னுக்கிட்டிருந்தான், வாயை அசைச்சுக்கிட்டு.

ஆடி பொறந்துச்சு. புதுப் பொண்ணுங்க எல்லாம் அம்மா வீட்டுக்குப் போயாச்சு, மாப்பிள்ளைங்க எல்லாம் போனைப் பார்த்துக்கிட்டு அவங்கவங்க வீட்ல உட்கார்ந்தாச்சு, ஊர்ல ஒரு ஜோடி கிடையாது, லாட்ஜ்ல கயிறெல்லாம் சுருட்டி வெச்சிருந்தாங்க. காத்து மட்டும் தெருவுல ஒரு கடை போர்டை விடாமத் தட்டிப் பார்த்துக்கிட்டு வந்துச்சு. மதியரசு வைஜி இடுப்புல ஒரு முனையையும் மொட்டைமாடி கைப்பிடிக் கம்பியில இன்னொரு முனையையும் கட்டுனான். அவ கைய உசத்திக்கிட்டு கட்ட விட்டா. "இறுக்குதா?"ன்னு கேட்டான். "இல்ல"ன்னா. அன்னிக்குக் காலையில அவங்க பேசிக்கிட்டது அவ்வளவுதான்.

மத்தியானம் பொள்ளாச்சியிலருந்து ஒரு பொண்ணு கூப்பிட்டுச்சு. ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கு, ஆவணி பொறந்ததும் அவரோட தஞ்சாவூர் வரணும், பிளான் சொல்லுங்கக்கான்னுச்சு. வைஜி மொட்டைமாடியில நின்னு சொல்ல ஆரம்பிச்சா. வெறுங்கால், சுத்துச் சுவரு, கிளி. அவ கால் தரையை விட்டுச்சு, கைப்பிடிச் சுவரைத் தாண்டுச்சு, கயிறு விறைச்சு நின்னப்போ காத்து அடிச்சுது பாருங்க, துருப்பிடிச்ச கம்பி கடலைச் செடி மாதிரி பேர்ந்து வந்துடுச்சு. கீழ ஆட்டோ துடைச்சுக்கிட்டிருந்த மதியரசு அண்ணாந்து பார்த்தான், தலைக்கு மேல கயித்து முனை வால் மாதிரி போகுது. தாவிப் பிடிச்சான். முழங்கால் ரெண்டும் ரோட்டுல தேய்ஞ்சுது, ஆனா பிடியை விடல.

தெருவே கூடிருச்சு. வைஜி தென்னமரத்துக்கு மேல நின்னு, எதுவும் தெரியாத மாதிரி போன் பேசிக்கிட்டிருக்கா.

"பேசு மதி!"ன்னு பட்டு அக்கா கத்துனா. "உன் குரல் கேட்டா கீழ வந்துடுவா!"

"ஒரு ஜோக்கு சொல்லுடா மாப்ள!"

"பேசாதடா!"ன்னு அந்தோணிராஜ் லாட்ஜ் வாசல்லருந்து ஓடி வந்தாரு. "அங்கருந்து தொப்புன்னு விழுந்தா என்ன மிஞ்சும்? வாயை மூடு, வாயை மூடு, வாயை மூடு!"

பிரச்னை என்னன்னா, மதியரசுக்கு ஒரு ஜோக்கு வந்துடுச்சு. அது வர்றதை அவனால தடுக்க முடியாது, தும்மல் மாதிரி. அதுவும் சாதாரண ஜோக்கு இல்ல, ஒரு மாசத்துக்கு டீக்கடை ஓடும், அப்படி ஒண்ணு. நாக்கு நுனியில வந்து நின்னு குதிச்சுக்கிட்டிருக்கு. தெருவே அவன் வாயைப் பார்க்குது. அவன் கண்ணை மூடி அதை முழுங்குனான். கெண்டை முள்ளு மாதிரி குறுக்கால நின்னு நின்னு இறங்குச்சு, கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

கயித்தைக் கையில ரெண்டு சுத்து சுத்திக்கிட்டு நடந்தான். காத்து தள்ளுன பக்கம் அவ போனா, அவ போன பக்கம் இவன் போனான், இவன் பின்னாடி ஊரு போச்சு. வேட்டியெல்லாம் தரையைக் கூட்டுற சத்தத்தைத் தவிர வேற சத்தம் இல்ல. மேலருந்து அவ குரல் மட்டும் வந்துச்சு, டம்ளர் அவருக்கு, டபரா உங்களுக்குன்னு. ஒரு கையில போன். இன்னொரு கை பக்கவாட்டுல லேசா நீட்டி இருந்துச்சு, விரல் மடங்கி, வேற விரலோட கோத்த மாதிரி. அந்தக் கையை மதியரசு இத்தனை நாளும் பார்த்ததில்ல, காலையே பார்த்துக்கிட்டிருந்ததுல கையை விட்டுட்டான். இப்ப பார்த்தான். கயிறு இவன் கையில இருக்கு, கை அவன் கையில இருக்கு. வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது. எரிய விட்டுட்டே நடந்தான். அவ தோள் எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்த்தான், எந்த இடத்துல அவ நிக்கிறா, அந்தப் பய அவளுக்காக எங்க நின்னு குடுக்கிறான்னு பார்த்தான். பார்த்துப் பார்த்து அதே இடத்துல இவனும் நின்னான், அதே மாதிரி எட்டைச் சின்னதா வெச்சான். திருட்டுப் பயலே, எவ்வளவு மெதுவா நடக்கிற நீ.

"புது ஆத்துக் கரையில தண்ணி எதிர்ல வர்ற பக்கமா நடங்கம்மா"ன்னு மேல சொல்லிக்கிட்டிருந்தா. "அவர் பேசுவாரு. அப்பறம் பேசலாம்னு..."

நிறுத்திட்டா. கயித்து வழியாக் கண்ணை இறக்கி, உரிச்ச வெங்காய மூஞ்சியையும் ரத்தம் வழியிற முழங்காலையும் கண்ணுல நிக்கிற தண்ணியையும் பார்த்தா. கீழ இவனும் நின்னுட்டான்.

"இரும்மா, இந்தாளு இன்னிக்குப் பேசல போலருக்கு"ன்னா போன்ல.

அப்பறம் போனை மார்போட அணைச்சுக்கிட்டுக் குனிஞ்சு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "யோவ், நின்னுட்டா எப்படி? அவன் ரெண்டு எட்டு முன்னாடி போயிட்டான், வர்றியா இல்லியா?"ன்னா.

மதியரசு பதில் சொல்லல. கயித்தை விடாம, ரோட்டுல அந்த ரெண்டு எட்டு எங்க இருக்குன்னு தேடிக்கிட்டே ஓடுனான்.